வானில் ஓடும் வண்டியின் வருகை நேரம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இலக்கியமும் சமயமும் பேச வல்ல சான்றோர் பலர் இச்சங்கத்தில் இருக்க, இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிக் காலங்கழிக்கும் எங்களை மேடையேற்றி, செயற்கைத் துணைக்கோளைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளார் செயலாளர். எங்கள் இரயில்வே குடியிருப்பில் வானொலி கேட்பதில் ஆர்வங்கொண்ட நண்பர் நால்வர் உள்ளோம். அந்நால்வர் சார்பிலும் இவ்வுரை அமைகின்றது. எங்களுள் எவரும் பள்ளியிறுதி வகுப்பைத் தாண்டியவர் அல்லர். ஆயினும் ஒரு சிறு துணைக்கோளின் நேரமறிந்து காத்திருந்து, அதன் ஒலியைக் காதாரக் கேட்டதுண்டு. கேட்பதற்கு முன் ஒரு முறை நன்றாக ஏமாந்ததும் உண்டு. ஏமாந்த கதையையே முதற்கண் கூறிவிடுகின்றோம்.

2005ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த பி.எஸ்.எல்.வி.-சி6 ராக்கெட், கார்ட்டோசாட்-1 என்னும் பெரிய துணைக்கோளுடன் ஹாம்சாட் என்னும் சிறிய துணைக்கோளையும் கொண்டுபோய் விட்டது. ஹாம்சாட்டின் எடை 42.5 கிலோகிராம். எங்கள் பார்சல் அலுவலகத்தில் ஓர் ஆளே தூக்கி வைத்துவிடக்கூடிய சுமைதான். அமெச்சூர் வானொலி அன்பர்களுக்கென்றே அமைந்த கோள் அது. தரையிலிருந்து ஒருவர் பேசும் பேச்சை ஓர் அலைவரிசையில் வாங்கி, மற்றோர் அலைவரிசையில் நாடு முழுவதும் கேட்கத் திருப்பி அனுப்புவது அதன் பணி. அதற்கென இரண்டு கருவிகள் அதனுள் இருந்தன. ஒன்று நம் நாட்டினர் செய்தது. மற்றொன்று ஹாலந்து நாட்டு அமெச்சூர் ஒருவர் செய்தளித்தது. தரைக்கு மேல் சுமார் 620 கிலோமீட்டர் உயரத்தில், துருவத்தை ஒட்டிய வழியில், 97 நிமிடங்களுக்கு ஒருமுறை அது பூமியைச் சுற்றி வந்தது.

2007ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்நாகபுரியில் எங்கள் குடியிருப்பு மொட்டைமாடியில் அதனைக் கேட்பதென முடிவு செய்தோம். நால்வரில் ஒருவர் அமெச்சூர் உரிமத் தேர்வில் தேறியவர். அவரிடம் நல்ல வாங்கி ஒன்று இருந்தது. அலுமினியக் குழாய்களைக் கொண்டு ஏரியலும் செய்தாயிற்று. கோள் வரும் நேரங்களைக் காட்டும் அட்டவணையையும் அச்சிட்டுக் கொண்டோம். உதயம் 16.50, மறைவு 17.03 என்று அதில் கண்டிருந்தது. இரயில்வேக்காரர்க்கு 16.50 என்றால் விளக்கவும் வேண்டுமோ? மாலை 4.50 என்று குடியிருப்பு முழுவதும் சொல்லிவிட்டோம். சிறுவர் சிறுமியர் முப்பது பேருக்குக் குறையாமல் மாடியில் கூடினர். சுண்டல்கூட ஏற்பாடாகியிருந்தது. மணி 4.50 ஆயிற்று, 5.03 ஆயிற்று. இரைச்சலைத் தவிர வாங்கியில் ஒன்றும் எழவில்லை. சுண்டல் தீர்ந்ததும் குழந்தைகள் ஒவ்வொருவராய் இறங்கிப் போயினர். "பொய் சொல்லிட்டாங்க" என்று படியிறங்கும்போது ஒரு பையன் கூறியது இன்றும் எங்கள் காதில் நிற்கின்றது.

அங்கிருந்தவருள் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர், எங்கள் அனைவர்க்கும் பெரியவர், அட்டவணையை வாங்கிக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "தம்பி, இது எந்த ஊர் மணியில போட்டது?" என்று ஒரே ஒரு வினா வினவினார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. துணைக்கோள் கணக்குகள் யாவும் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுவன. நம் இந்திய நேரம் அதனினும் ஐந்தரை மணி முந்தியது. அட்டவணையின் 16.50 நமக்கு இரவு 10.20 ஆகும். அட்டவணையோடேயே வாழ்நாள் கழிக்கும் நாங்கள் அதன் தலைப்பைப் படிக்காமல் எண்களை மட்டும் படித்துவிட்டோம்.

பெரியவர்க்கு இவ்வினா எழுந்ததில் வியப்பில்லை. ஒரு காலத்தில் இந்நாட்டில் ஊருக்கு ஒரு மணி இருந்தது. பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம். இரயில்வேக்கள் மட்டும் சென்னை வானாய்வுக் கூடத்தின் நேரத்தைக் கைக்கொண்டு வண்டிகளை ஓட்டின. 1906ஆம் ஆண்டு பிறந்தபோதுதான் இன்றைய இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. கடிகாரம் ஒன்றாய் இல்லாதவரை வண்டியின் வருகையைச் சொல்லுதல் இயலாது. வானில் ஓடும் வண்டிக்கோ அது இன்னும் பன்மடங்கு உண்மை. ஹாம்சாட் போன்ற கோள் ஒரு நொடியில் ஏழரைக் கிலோமீட்டர் ஓடுகின்றது. நம் இருப்புப் பாதையில் பல இடங்களில் ஒரு நிலையத்திற்கும் அடுத்த நிலையத்திற்கும் உள்ள தூரமே அவ்வளவுதான்.

துணைக்கோளைப் பின்தொடர்தல் என்றால் எந்நேரமும் அதைப் பார்த்துக்கொண்டேயிருத்தல் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. தாழ்வான வழியில் செல்லும் கோள், ஓர் ஊரின் அடிவானத்திற்கு மேல் இருப்பது ஒரு முறைக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடமே. நாளொன்றுக்கு நாலைந்து முறை வரும். எல்லாம் கூட்டினாலும் ஒரு மணி நேரம் தேறுவது அரிது. ஏனைய இருபத்துமூன்று மணி நேரமும் அது நம் கண்ணுக்கும் காதுக்கும் அப்பாற்பட்டது. இன்னொரு சங்கடமும் உண்டு. வண்டி தன் தடத்திலேயே ஓடுகின்றது, நிலையம்தான் நகர்ந்துவிடுகின்றது. கோள் ஒரு சுற்று முடித்து வருவதற்குள் பூமி கிழக்கு நோக்கி இருபத்துநான்கு பாகை உருண்டுவிடும். நிலநடுக்கோட்டில் அது சுமார் 2,700 கிலோமீட்டர். எனவே இம்முறை நாகபுரி உச்சிக்கு மேல் சென்ற கோள், அடுத்த முறை அரபிக் கடலுக்கும் அப்பால், அரபு நாட்டின் மேல் செல்லும்.

இத்தனையையும் கணக்கிட இரண்டே வரி எண்கள் போதும் என்றால் நம்புவீர்களா? ஒவ்வொரு வரியிலும் 69 எழுத்திடம். கோளின் பாதை நிலநடுக்கோட்டிற்கு எத்தனைப் பாகை சாய்ந்துள்ளது, அக்கோட்டை எவ்விடத்தில் கடக்கின்றது, பாதை வட்டமா நீள்வட்டமா, நாளொன்றுக்கு எத்தனைச் சுற்று, இன்ன நாளில் இன்ன நொடியில் கோள் பாதையின் எப்புள்ளியில் இருந்தது என்பன அவ்வெண்களில் அடங்கும். அவற்றைக் கணிப்பொறியில் இட்டால், எந்த ஊர்க்கு எந்நேரம், எத்திசையில் எழும், எவ்வளவு உயரம் ஏறும் என்று அட்டவணை வந்துவிடும். ஆனால் அவ்விரு வரிகளும் எவ்வாறு கிடைக்கின்றன? அங்கேதான் பின்தொடரும் கலை தொடங்குகின்றது. அதைச் சொல்லுமுன் அன்றிரவுக்கு வருவோம்.

இரவு 10.20க்கு மாடியில் நாங்கள் நால்வரும் பெரியவரும் மட்டும் இருந்தோம். குழந்தைகள் உறங்கிவிட்டனர். ஏரியலைத் தென்திசைக்குத் திருப்பிப் பிடித்தோம். எங்கள் அடிவானத்தில் கோள் எழும் அந்நேரம், அது குமரிக்கும் தெற்கே நிலநடுக்கோட்டை ஒட்டிக் கடலின் மேல் இருக்கும். இரைச்சலுக்குள் ஊசி முனை போன்று மெல்லிய ஒலி ஒன்று எழுந்தது. "அதுதான், அதுதான்" என்றார் நண்பர். நேரம் செல்லச் செல்ல ஒலி தடித்தது. மூன்றாம் நிமிடத்தில் குமரியின் மேல். ஆறரை நிமிடத்தில் எங்கள் தலைக்கு மேல். ஆண்டுக்கொரு முறை ஊருக்குப் போய் வருவோர்க்கு, குமரியிலிருந்து நாகபுரி வர ஒரு பகலும் ஓர் இரவும் போதா என்பதை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அது மூன்றரை நிமிடத்தில் வந்தது. இடையே யாரோ ஒருவர் பேசும் குரலும் கேட்டது. மொழி இன்னதெனப் பிடிபடவில்லை.

ஒன்று கவனித்தோம். வாங்கியின் திருகை ஓரிடத்தில் நிறுத்தி வைக்க இயலவில்லை. ஒலியின் சுருதி தொடர்ந்து இறங்கிக்கொண்டேயிருந்தது. நண்பர் விரல் எடுக்காமல் திருகிக்கொண்டே இருந்தார். தொடக்கத்தில் மெல்ல இறங்கிய சுருதி, கோள் தலைக்கு மேல் வந்தபோது விரைந்து சரிந்தது. வடக்கே இமயத்தைக் கடந்து மறையுங்கால் மறுபடி மெல்ல இறங்கியது. பெரியவர் புன்னகைத்து, "மெயில் வண்டி நிற்காம பிளாட்பாரத்தைத் தாண்டுற மாதிரி இருக்கு" என்றார். அறிவியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவது இதையே.

ஊதிக்கொண்டு வரும் இஞ்சின் நம்மை நெருங்கும்போது ஊதலின் சுருதி கூடியும், கடந்த பின் குறைந்தும் கேட்பதை நிலையத்தில் நின்ற எவரும் அறிவர். இதன் கணக்கை 1842ஆம் ஆண்டில் கூறியவர் ஆஸ்திரியரான டாப்ளர். அதை மெய்ப்பித்ததும் இருப்புப் பாதையில்தான். 1845இல் ஹாலந்து அறிஞர் பாய்ஸ் பாலட், உட்ரெக்ட் நகருக்கருகே கொம்பு ஊதுவோரைத் திறந்த வண்டியில் ஏற்றி ஓடவிட்டு, சுருதி ஞானமுள்ள இசைவாணரைத் தடத்தோரம் நிறுத்திக் கேட்கச் செய்தார். பிப்ரவரியில் செய்த முதல் முயற்சி கடும் பனியால் கெட்டது. ஜூன் மாதத்தில் வெற்றி கிட்டியது. ஒலிக்கு உள்ள இவ்வியல்பு வானொலி அலைக்கும் உண்டு. ஹாம்சாட்டின் 145 மெகாஹெர்ட்ஸ் அலையில், அது எழும்போது சுமார் 3,300 ஹெர்ட்ஸ் மிகுந்தும், மறையும்போது அவ்வளவே குறைந்தும் கேட்கும்.

இச்சரிவைக் குறையென்று எண்ணித் திருகைத் திருப்புவதோடு நாங்கள் நின்றுவிட்டோம். இதிலேயே கோளின் வழி முழுதும் எழுதப்பட்டிருக்கின்றதென்று கண்டுகொண்டவர் இருவர். 1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு உலகின் முதற் செயற்கைத் துணைக்கோளாகிய ஸ்புட்னிக்கை ஏவியது. 58 சென்டிமீட்டர் குறுக்களவு, 83.6 கிலோகிராம் எடை. வழித்துணை என்பது அப்பெயரின் பொருள். 20 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலையில் 'பீப் பீப்' என்று அது ஒலித்துச் சென்றது. (வெறுங்கண்ணால் ஸ்புட்னிக்கைக் கண்டோம் என்று அக்காலத்தில் பலரும் கூறியது பெரும்பாலும் அதனோடு சுற்றிய ராக்கெட்டைத்தான்.) அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபென்பாக் என்னும் இளைஞர் இருவர், எவரும் பணிக்காமலே, ஆர்வத்தால் அவ்வொலியைப் பதிவு செய்யத் தொடங்கினர். சுருதி இறங்கும் வளைகோட்டை வரைந்தனர். மொத்தம் எவ்வளவு இறங்குகின்றதோ அது வேகத்தைச் சொல்லும். நடுவில் எவ்வளவு செங்குத்தாய்ச் சரிகின்றதோ அது, கோள் எவ்வளவு அருகில் கடந்தது என்பதைச் சொல்லும். சரிவின் மையம், கடந்த நொடியைச் சொல்லும். ஓரிடத்தில் அமர்ந்து, ஒலியை மட்டுங்கேட்டு, கோளின் பாதை முழுவதையும் அவர்கள் கணித்தெடுத்தனர்.

இதன் பின் நடந்ததுதான் விந்தை. 1958ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அவர்கள் மேலாளர் ஃபிராங்க் மக்ளூர் ஒரு வினா எழுப்பினார். கேட்பவன் இருக்குமிடம் தெரிந்தால் கோளின் பாதையைக் காணலாம், சரி. கோளின் பாதை தெரிந்தால், கேட்பவன் இருக்குமிடத்தைக் காணலாகாதோ? நடுக்கடலில் தம் இடமறியாது திகைக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு விடையாய் அமைந்தது அவ்வினா. டிரான்சிட் என்னும் வழிகாட்டித் துணைக்கோள்கள் அதிலிருந்து பிறந்தன. முதலாவது வெற்றி 1960 ஏப்ரலில். 1996 வரை அம்முறை கப்பல்களுக்கு வழிகாட்டி, பின்னர் ஜி.பி.எஸ்.ஸுக்கு இடம் விட்டது.

எல்லாக் கோளும் பேசுவதில்லை. ஸ்புட்னிக்கின் மின்கலம் மூன்று வாரத்தில் தீர்ந்து, பேச்சும் நின்றது. 1958 ஜனவரி 4இல் அது வளிமண்டலத்தில் எரிந்து போயிற்று. ஊமைக் கோளைக் கண்ணால் காண வேண்டும், அல்லது ராடாரால் தொட்டறிய வேண்டும். கண்ணால் காண, தரையில் இருளும் மேலே வெயிலும் இருக்கும் அந்தியும் வைகறையுமே ஏற்றவை. இதற்கென உலகெங்கும் பன்னிரண்டு இடங்களில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் பேக்கர்-நன் என்னும் பெருங் காமிராக்களை அமைத்தது. அவற்றுள் ஒன்று நம் நாட்டு நைனிடாலில் அமைந்தது. விண்மீன்களுக்கு நடுவே கோளைப் படம் பிடித்து, விண்மீன்களையே மைல் கற்களாகக் கொண்டு அதன் இடத்தை அளந்தனர்.

இனி, எங்கள் உள்ளத்தை உறுத்தும் செய்திக்கு வருகின்றோம். மேற்சொன்ன இரு வரி எண்கள் நாட்பட்டால் கெட்டுப் போகும். 400, 500 கிலோமீட்டர் உயரத்திலும் காற்று அறவே இல்லை என்பதில்லை; மிக மெல்லியதாய் உண்டு. அக்காற்று கோளை உராய்ந்து பிடித்திழுக்கின்றது. பிரேக் போட்டால் வண்டி தாமதமாகத்தானே வரும்? இங்கே நேர்மாறு. உராய்வினால் கோள் தாழ்கின்றது. தாழ்ந்த பாதை குறுகியது, வேகமும் மிகுந்தது. ஆதலால் அட்டவணைக்கு முந்தி வந்துவிடுகின்றது. எவ்வளவு முந்தும் என்பது கதிரவன் கையில் உள்ளது. கதிரவனில் கொந்தளிப்பு மிகுந்தால் மேற்காற்று சூடேறி விரியும், உராய்வும் பெருகும். 2022 பிப்ரவரி 3இல் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் கோள்களில் 38 இவ்வாறு ஒரு புவிகாந்தப் புயலில் அகப்பட்டுச் சில நாள்களிலேயே வீழ்ந்தன.

அட்டவணை பிழைத்தால் எங்கள் மாடியில் முப்பது குழந்தைகள் ஏமாந்ததோடு போயிற்று. மேலே பிழைத்தால் என்னாகும்? 2009 பிப்ரவரி 10ஆம் நாள், சைபீரியாவுக்கு மேல் 789 கிலோமீட்டர் உயரத்தில், பணியிலிருந்த இரிடியம்-33 என்னும் கோளும், செயலிழந்து சுற்றிக்கொண்டிருந்த காஸ்மாஸ்-2251 என்னும் ரஷ்யக் கோளும் மோதித் தூளாயின. இரண்டும் நொடிக்குச் சுமார் 11.7 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றையொன்று எதிர்ப்பட்டன. அன்றைய கணக்கு அவை 584 மீட்டர் இடைவெளியில் கடந்து செல்லும் என்றே காட்டியது. 584 மீட்டர் என்பது அவற்றின் ஓட்டத்தில் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கண்டு கணக்கிடத்தக்க அளவிலான துண்டுகளே இரண்டாயிரத்திற்கு மேல் சிதறின.

ஒற்றைத் தடத்தில் எதிரெதிர் வண்டிகளை ஓட்டும் நாங்கள் இச்செய்தியைக் கேட்டு நடுங்கினோம். எங்கள் தடத்தில் டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். வானில் டோக்கன் இல்லை, சிக்னல் இல்லை, நிறுத்தவும் இயலாது. இருப்பது அட்டவணை ஒன்றே. அதுவும் ஒவ்வொரு நாளும் திருத்தி எழுதப்பட வேண்டியது. சிறு கோள்கள் பலவற்றில் விலகிச் செல்ல எரிபொருளும் இல்லை. அவை எங்கே இருக்கின்றன என்று துல்லியமாய்த் தெரிந்தால்தான் மற்றவை விலகிப் போகும். 2017 பிப்ரவரி 15இல் நம் பி.எஸ்.எல்.வி.-சி37 ஒரே பயணத்தில் 104 கோள்களை இறக்கிவிட்டது. பெருமையே. ஆனால் இவ்வாறு கூட்டமாய் இறங்கிய சிறு கோள்களுள் எது எவருடையது என்று முதற் சில நாள்கள் பிரித்தறிதல் எளிதன்று. ராடாருக்கு எல்லாம் ஒரே புள்ளிதான். அப்போது கைகொடுப்பது அந்தப் பழைய சுருதிச் சரிவே. தன் கோளின் குரலை ஒரு மாணவன் கேட்டு, எப்புள்ளியின் பாதைக்கு அச்சரிவு பொருந்துகின்றதென்று பார்த்தால், இதுவே நம்முடையது எனத் துணியலாம். உலகெங்கும் எங்களைப் போன்ற அமெச்சூர்கள் இப்பணியில் கல்லூரி மாணவர்க்கு உதவி வருகின்றனர். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தார் செய்த 40 கிலோகிராம் எடையுள்ள அனுசாட் 2009 ஏப்ரல் 20இல் ஏவப்பட்டபோது, குரோம்பேட்டை வளாகத்திலேயே தரைநிலையம் அமைத்துப் பின்தொடர்ந்தனர். மூன்றாண்டு கழித்து 2012இல் அது எரிந்து மறைந்தது.

நம் நாட்டுக் கோள்களைப் பின்தொடரும் பணிக்கு இஸ்ட்ராக் என்னும் நிறுவனம் பெங்களூரில் உள்ளது. இலக்னோ, போர்ட் பிளேர், திருவனந்தபுரம், மொரீஷியஸ், புருணை முதலிய இடங்களில் அதன் நிலையங்கள் உண்டு. ஓரிடத்தில் மறைந்த கோளை அடுத்த இடம் வாங்கிக்கொள்ளும். ஒரு நிலையம் 'வண்டி புறப்பட்டது' என்று அடுத்த நிலையத்திற்குச் சொல்வது போலத்தான். மோதல்களை முன்கூட்டிக் கண்டுரைக்கவென்றே 2022இல் அந்நகரில் ஒரு மையமும் திறக்கப்பட்டது.

எங்கள் அலுவலகத்திலும் ஒரு மாறுதல் வந்துள்ளது. முன்னெல்லாம் வண்டி கடந்த நேரத்தை ஸ்டேஷன் மாஸ்டர் தொலைபேசியில் கூற, கண்ட்ரோல் அறையில் பென்சிலால் கோடிழுப்பார்கள். அண்மை ஆண்டுகளில் இஸ்ரோவின் துணையோடு இஞ்சின்களில் ஒரு கருவி பொருத்தப்பட்டு வருகின்றது. அது துணைக்கோள் அலைகளை வாங்கித் தன் இடத்தை அறிந்து, முப்பது நொடிக்கொரு முறை தானே அறிவிக்கின்றது. ஸ்புட்னிக்கின் ஊதலைக் கேட்ட இளைஞர் இருவரின் வளைகோடும் மக்ளூரின் வினாவும் சுற்றி வந்து எங்கள் இஞ்சினின் மேல் அமர்ந்திருக்கின்றன.

ஹாம்சாட் 2014 ஜூலையில் மின்கலம் பழுதுற்று ஓய்ந்தது. அதற்கு முன், ஏமாந்த அக்குழந்தைகளை அடுத்த வாரமே, இம்முறை காலை நேரத்து வருகைக்கு, மாடியில் கூட்டிக் கேட்கச் செய்தோம். முப்பது பேர் வரவில்லை, பதினொருவர் வந்தனர். "பொய்" என்று சொன்ன பையன் வந்திருந்தான். அவன் கையில் ஏரியலைக் கொடுத்தோம். இறக்கிவைக்க மனமின்றி, ஒலி நின்ற பின்னும் தென்திசையை நோக்கிப் பிடித்துக்கொண்டே நின்றான்.

செயற்குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். சங்க நூல்நிலையத்துக் கணிப்பொறியோடு இணைக்கத்தக்க சிறு வாங்கி ஒன்று இப்போது சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றது. அதை வாங்கி அளித்தால், ஏரியலை நாங்களே செய்து, மாதமொரு ஞாயிறு மாணவர்க்குக் கற்றுத் தருவோம். அன்றிரவு மாடியில் பெரியவர் நிலையப் பதிவேட்டுப் பாணியிலேயே எழுதி வைத்த சிறு குறிப்பேடும் எங்களிடம் உள்ளது. அதையும் நூல்நிலையத்திற்கு அளிக்க விரும்புகின்றோம். அதன் முதல் வரி இது: "வண்டி: ஹாம்சாட். வரவேண்டிய நேரம் 22.20. வந்த நேரம் 22.21. தாமதம் 1 நிமிடம். காரணம்: நம் கடிகாரம் முந்தி ஓடியது."